திரும்பி வரும்போது போட்டுக்கொள்ள

அத்தியாயம் 11

வேன் பன்னிரண்டு மணிக்கு வரும். ஒன்றரைக்கு ராகு காலம். அதற்குள் பெண்ணோடு வாசலைத் தாண்டிவிட வேண்டும். இது அம்மாவின் உத்தரவு.

விடிந்ததிலிருந்து கூடத்துக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் யாராவது வந்து தோளில் கை வைக்கிறார்கள்.

நாளை காலை சேலத்தில் என் தங்கை சுபலட்சுமிக்கும் ஜெயவேலுக்கும் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை மாப்பிள்ளை ஊரில்தான் நடத்துவார்கள். முந்தின நாளே பெண்ணோடு போய் இறங்க வேண்டும். அப்பா இல்லாத வீடு. அதனால் அண்ணனும் அண்ணியும் மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்க்க வேண்டும். அண்ணன் நான். அண்ணி, என் மனைவி பானுப்ரியா, எட்டு மாதத்துக்கு முன்னால் வேலூரில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

ஜோடி இல்லாதவன் மணையில் உட்கார முடியாது. சித்தப்பா தனக்கோடியும் கீதா சித்தியும் உட்காருவது என்று போன வாரம் பெரிய சத்தத்துக்குப் பிறகு முடிவானது. சத்தம் போட்டவர்கள் மற்றவர்கள். நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு வேறு வேலை கொடுத்தார்கள். மூட்டை கட்டுவது.

அதை ஒழுங்காகச் செய்தேன். ஒரு பையில் ஒரு வகைச் சாமான்தான். சீர்த் தட்டுகள் தனி. குத்துவிளக்கு, பித்தளைச் சாமான் தனி. மருந்து, மாத்திரை, சார்ஜர் எல்லாம் கைக்கு எட்டுகிற பையில். ஒவ்வொன்றிலும் வட்டமான வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி நம்பர் போட்டேன். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். அந்த வரிசையில் கூடத்தில் சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தேன்.

சித்தப்பா குளித்துவிட்டு விபூதியோடு வந்து வரிசையைப் பார்த்தார். பக்கத்துத் தெருதான் அவர் வீடு. நேற்றே பையோடு இங்கே வந்துவிட்டார்கள்.

"இன்னா ஹேமு, நம்பரு போட்டு வரிசையா நிக்க வெச்சிகிற? மூட்டைங்களுக்குப் பரீட்சையா?"

"எறக்கறப்போ கொழப்பம் வரக் கூடாது சித்தப்பா."

"என் பைக்கு எட்டா? டேய், ஏழரை முடிஞ்சி ரெண்டு மாசம்தான் ஆவுது. எட்டைக் கொண்டாந்து ஒட்டிகிறியே."

கிழித்து ஏழாக மாற்றினேன்.

"அப்ப எட்டு யாருக்கு?"

"செருப்புப் பைக்கு."

"அது தாங்கும்" என்றார்.

சுபா மஞ்சள் பூசிய முகத்தோடு வந்து நின்றாள். நலங்கு வைத்த பிறகு வாசலுக்குப் போகக் கூடாது என்று அம்மா நேற்றிலிருந்து அவளை உள்ளேயே வைத்திருந்தாள். கூண்டுக்குள் நடப்பதுபோல அவளும் நடந்துகொண்டிருந்தாள். ஒரே கூடத்தில் அண்ணனும் தங்கையும் எதிரும் புதிருமாக.

"எனக்கு எங்கண்ணா ஸ்டிக்கரு?"

"முதுகுல ஒட்டட்டா?"

"ஒட்டு. சேலத்துல எறக்க மறந்துட்டா திரும்பி வந்துடலாம்."

சிரித்தாள். பிறகு வரிசையை ஒரு முறை விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"உன் பை எது?"

"வேன்ல எடம் இல்ல. நான் பின்னாடி பைக்ல வரேன்."

"சேலத்துக்கா? பைக்லயா?"

"ம்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் மூன்றாம் நம்பர் பையின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அது நன்றாகத்தான் கட்டியிருந்தது.

பானுவுக்கு ஒரு பழக்கம். எங்கே கிளம்பினாலும், ஒரு நாள் பயணமாக இருந்தாலும், பையில் முதலில் வைப்பது திரும்பி வரும் நாளுக்கான உடுப்பு. அடியில் போய்விடும். நடுவில் எது நடந்தாலும் அதைத் தொடக் கூடாது. "போற எடத்துல எப்படி வேணா இருங்க. வூட்டுக்கு வரப்போ கசங்காம வரணும்" என்பாள். நானும் அவளிடம் கற்றுக்கொண்டு எல்லோர் பையிலும் அப்படித்தான் வைத்திருந்தேன். அம்மா பையில், சித்தி பையில், சித்தப்பா பையில்.

எனக்குப் பையே இல்லை.

*

பத்தரை மணிக்கு சேலத்திலிருந்து அலங்காரம் செய்கிற பெண் போன் செய்தாள். பூவுக்கு நிறம் பொருத்த வேண்டும், முகூர்த்தப் புடவையின் முந்தியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

சுபா ஒன்றாம் நம்பர் பையைத் திறந்தாள். வெள்ளைத் துணி மூட்டையை எடுத்து மடியில் வைத்து அவிழ்த்தாள். பட்டை நாங்கள் பிளாஸ்டிக்கில் வைக்க மாட்டோம். துவைத்த வெள்ளைத் துணியில்தான் சுற்றுவோம்.

புடவையை விரித்தவள் சத்தமே போடவில்லை. அதனால்தான் திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணா. யானை இல்ல."

முந்தி வெறும் பட்டையாக இருந்தது. ஜரிகைக் கோடுகள் மட்டும்.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. நெய்தது எங்கள் தறி. நிறத்தை ஜெயவேலின் அம்மா சொன்னார். அரக்கு உடல், பச்சைக் கரை. முந்தியில் ஜோடி யானை வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டாராம். இன்றைக்குப் பெண் அழைப்பில் அந்தப் புடவையைத் தாம்பாளத்தில் வைத்து மண்டபம் முழுக்கப் பெண்கள் கையால் தொட்டு அனுப்புவார்கள். முந்தியைப் பார்க்காமல் யாரும் விட மாட்டார்கள்.

தறியில் ஏற்றிய அதே பாவு நூலில் இன்னொரு புடவையும் இறங்கியது. அதே அரக்கு, அதே பச்சை, முந்தி மட்டும் சாதா. அது பானுவுக்கு.

சுமங்கலியாகப் போன பெண் எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் வந்தால் முதலில் அவளுக்குப் புதுப் புடவையும் பூவும் வைத்துப் படைக்க வேண்டும். அப்புறம்தான் மற்றது. எட்டு மாதத்துக்கு முன்னால் வரை என் சட்டைக்குப் பொத்தான் தைத்தவளுக்கு நேற்று சாயங்காலம் கற்பூரம் காட்டினேன். படைத்த புடவையை அவளுடைய பெட்டியிலேயே வைத்து மூடிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பானுவின் பெட்டி என்றால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போன நீல சூட்கேஸ். பீரோவின் மேல் இருந்தது. அதைத் திரும்பி வந்த நாளிலிருந்து நான் திறந்ததில்லை. நேற்றும் திறக்கவில்லை. ஜிப்பை ஒரு சாண் இழுத்து, மூட்டையை உள்ளே தள்ளி, பார்க்காமல் மூடினேன்.

"நேத்து மத்தியானம் எல்லாரும் வந்து பொடவை பாத்தாங்கள்ல" என்றாள் சுபா. அவள் குரல் மேலே ஏறியது. "ரெண்டையும் பாய்ல வெச்சி காட்டினோம். திரும்பக் கட்டறப்போ..."

மடித்து வைத்தால் இரண்டும் ஒன்றுதான். முந்தி உள்ளே போய்விடும். நான் நம்பர் ஒட்டியது சுற்றுகிற துணியில். பட்டில் எதையும் ஒட்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நம்பர் சரியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த புடவைதான் வேறு.

அப்படியானால் ஜோடி யானை பீரோவின் மேல் இருக்கிறது.

"அவ்ளோதான, எடுத்து மாத்திடு" என்றார் சித்தப்பா.

"எதை எடுக்கிறது?"

சமையலறை வாசலில் கீதா சித்தி. கையில் கரண்டி. வழிக்குக் கட்டுகிற புளிசாதத்தைப் பாதியில் விட்டு வந்திருந்தாள்.

"பூவாடைக்காரிக்கு வெச்சி, தீபாராதனை காட்டி, பொட்டில வெச்சி மூடினதை எடுக்கறதா? இன்னா பேசறீங்க?"

"மாறிப்போச்சி சித்தி" என்றாள் சுபா.

"மாறினதோ மாறலியோ, அவகிட்ட வெச்சாச்சி. குடுத்ததைப் புடுங்கிக்கினு போய் மணவறைல கட்டுவியா?"

"அப்ப இதைக் கட்டிக்கினு போவட்டுமா? என் மாமியார் மொதல்ல முந்தியத்தான் பாப்பாங்க."

"கடைத் தெருவுல எத்தனை கடை இருக்கு. யானை போட்டது ஒண்ணு வாங்கு."

"அந்த நெறம், அந்தக் கரை? அவங்க போன்ல போட்டோ வெச்சிகினு இருக்காங்க சித்தி. தெனம் ஒருத்தருக்குக் காட்றாங்களாம்."

சித்தி கரண்டியை ஜன்னல் மேல் வைத்தாள். அவள் முகத்தில் கோபத்தைவிட பயம்தான் இருந்தது.

"என் பெரியவ கல்யாணத்துல பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு படைக்காம போனோம். ஒரு வருஷத்துல பொட்டியோட திரும்பி வந்து நின்னா. இன்னிக்கும் வூட்லதான் இருக்கா. எல்லாருக்கும் மறந்துபோச்சா? எனக்கு மறக்கல."

பக்கத்து வீட்டு பவர்லூம் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்தது.

அம்மா அபிதகுசாம்பாள் இதுவரை பேசவில்லை. புளிசாதத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"பூ வெச்சிக் கேளுங்க" என்றாள் சித்தி. "அவ படத்து மேல ரெண்டு பக்கமும் வெச்சிக் கேளு ஹேமு. வலப் பக்கம் விழுந்தா எடு. இல்லன்னா தொடாத. நான் இதுக்கு மேல பேசல."

*

படம் பூஜை அலமாரிக்குக் கீழே இருந்தது. நேற்றுப் போட்ட மாலை காய்ந்திருந்தது. அதைக் கழற்றினேன். சட்டத்தின் மேல் வலது மூலையில் ஒரு மல்லிகை, இடது மூலையில் ஒரு மல்லிகை வைத்தேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள் சித்தி. நிறுத்தினேன்.

மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன்.

என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவளிடம் கடைசியாகக் கேட்டது ஃபிளாஸ்க் மூடி எங்கே என்று. அதற்கு அவள் பதில் சொன்னாள். சூட்கேஸின் பக்கவாட்டுப் பையில் என்றாள். சரியாக அங்கேதான் இருந்தது.

பூ அசையவில்லை.

வேர்த்தது. சுபாவின் முகத்து மஞ்சள் கழுத்துக்கு இறங்கியது. சித்தப்பா மெல்ல முட்டியை மாற்றினார்.

"மூச்சு விடாதீங்க" என்றாள் சித்தி.

"மூச்சு விடலன்னா எனக்கும் சேத்து ஒரு படம் மாட்டணும்" என்றார் சித்தப்பா.

வாசலில் ஹாரன் கேட்டது. வேன் வந்துவிட்டது.

டிரைவர் வேலு கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான். எங்கள் தெருப் பையன். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தாலும் எங்களுக்கு அவன் பையன்தான்.

"ண்ணா, ஜல்தி ஏத்தினா நல்லாருக்கும். போளூர் ரோட்ல எதோ வேலை நடக்குதாம். சுத்திப் போவணும்."

யாரும் அசையவில்லை. அவன் உட்கார்ந்திருந்தவர்களையும் படத்தையும் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். அவனும் கை கட்டி நின்றுவிட்டான்.

நேரம் போனது. பூ போகவில்லை. பல்லிகூட ஒன்று சொல்லவில்லை.

சுபாதான் முதலில் எழுந்தாள். படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கும்பிடவில்லை. சமையலறையில் நின்று பேசுவதுபோலப் பேசினாள்.

"அண்ணி, பொடவை மாறிப்போச்சி. இது உங்களுது. அங்க உங்க பொட்டில இருக்கறது என்னுது. உங்களுத வெச்சிட்டு என்னுத எடுத்துக்கறேன். வேணும்னு செய்யல."

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றாள் சித்தி. "பூ விழலியே?"

அப்போது அம்மா பேசினாள். சுவரில் சாய்ந்தபடியே.

"பூவுக்கு இன்னா தெரியும் கீதா? இந்த வூட்ல தொவைச்ச துணி மாறிப்போனா யாரு மாத்திக் குடுப்பா? என் பொடவை சுபா அலமாரிக்குப் போவும். இவன் பனியன் என் மடிப்புல வந்து ஒக்காந்துக்கும். தெனம் சாயங்காலம் ஒவ்வொண்ணா எடுத்து அவங்கவங்க எடத்துல வெப்பா. ஒரு நாள் யாரையாவது கேட்டாளா? எடுத்தா, மாத்தினா, போனா."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஹேமு. நீ எடு" என்றாள் அம்மா.

"அக்கா, எடுத்தா நான் மணைல உக்கார மாட்டேன்." சித்தி எழுந்துவிட்டாள். "நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா, தாரை வாத்த கை இதுன்னு என் கையத்தான் காட்டுவாங்க. ஒரு பொண்ணு வாழ்க்கை போதும் எனக்கு."

"கீதா..." என்றார் சித்தப்பா.

அவள் நின்று கேட்கவில்லை. கூடத்து வரிசையில் தன் பையைத் தேடி எடுத்தாள். ஸ்டிக்கரைப் பார்த்து எடுத்தாள். அந்தக் கோபத்திலும் சரியான பையைத்தான் எடுத்தாள். வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். சித்தப்பா ஏழாம் நம்பர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். போகும்போது என்னைப் பார்த்தார்.

வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது.

*

நாற்காலி போட்டு ஏறி சூட்கேஸை இறக்கினேன். கட்டில் மேல் வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

நேற்றுபோலவே ஒரு சாண் ஜிப்பை இழுத்து, மூட்டையை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கையை உள்ளே விட்டேன். மூட்டை வரவில்லை. நேற்று பார்க்காமல் மூடியதில் வெள்ளைத் துணியின் ஓரம் ஜிப்பில் சிக்கியிருந்தது. இழுத்தால் கிழியும். உள்ளே புடவையும் சிக்கியிருக்கலாம். பட்டை இழுக்கக் கூடாது.

வேலு ஹாரன் அடித்தான். ஒரு முறை. மரியாதையாக.

ஜிப்பைச் சுற்றிலும் முழுதாகத் திறந்தேன்.

புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. துணிதான் சிக்கியிருந்தது. மூட்டையைப் பிரித்து முந்தியைப் பார்த்தேன். ஒன்றை ஒன்று பார்த்தபடி இரண்டு யானைகள். தனியாக எடுத்து வைத்தேன். பானுவின் புடவையை உள்ளே வைக்க இடம் தேடினேன்.

மேலே எல்லாம் குப்பையாகக் கிடந்தது. துண்டு, பாதி காலியான ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு செருப்பு ஒரு மூலையில், இன்னொன்று இன்னொரு மூலையில். இது என் கை. அன்றைக்கு வார்டில் யாரோ "சாமானை எடுத்துக்கங்க" என்றார்கள். அள்ளிப் போட்டு அமுக்கி மூடினேன்.

அதை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டேன். அதற்குக் கீழே அவள் கை இருந்தது.

அப்படியே இருந்தது. யாரும் கலைக்கவில்லை. தேய்ந்த வேட்டியில் அவளே தைத்த சுருக்குப் பைகள், பக்கத்தில் பக்கத்தில். உள்ளாடை ஒன்றில். சீப்பு, பவுடர், ரிப்பன் ஒன்றில். எனக்கு ஆஸ்பத்திரியில் மாற்றிக் கட்ட லுங்கியும் பனியனும் ஒன்றில். சின்ன ஆபரேஷன்தான், நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். நாலு நாளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய பை. சுருக்கை இழுத்தேன்.

மஞ்சள் பருத்திப் புடவை. அயர்ன் போட்டது. ஜாக்கெட் அதன் மேல். ஜாக்கெட்டுக்கு மேல் என் நீலக் கட்டம் போட்ட சட்டை.

இந்தச் சட்டையை நான் தேடியிருக்கிறேன். காரியம் முடிந்த வாரத்தில் தேடினேன். பிறகு விட்டுவிட்டேன். இரண்டாவது பொத்தான் விழுந்து கிடந்த சட்டை. இப்போது அந்த இடத்தில் பொத்தான் இருந்தது. அதே நிறம் கிடைக்கவில்லைபோல. மற்றது நீலம், இது வெள்ளை.

வீட்டுக்கு வரும் நாளில் நான் கசங்கி வரக் கூடாது. அவளுக்கு மட்டும் எடுத்து வைக்கவில்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து முதல் தடவை உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது. சுபா. கட்டிலில் பரப்பியிருந்ததைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். யானை முந்தியை எடுக்கத்தான் வந்தாள். எடுக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு இரண்டையும் ஜோடியாக்கி ஒரு பழைய கவரில் போட்டாள். துண்டை உதறி மடித்தாள். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலை வெளியே வைத்தேன். பானுவின் கை பட்ட பைகள் கலையாமல், என் குப்பையை மட்டும் இரண்டு பேரும் மடித்து வைத்தோம். கடைசியில் சாதா முந்திப் புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தேன்.

"இப்ப சரியா இருக்கா அண்ணி?" என்றாள் சுபா. பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

ஜிப்பை மூடினேன். இந்த முறை பார்த்து மூடினேன்.

சட்டை என் மடியில் இருந்தது.

"போட்டுக்கோ" என்றாள் சுபா.

"இப்ப இல்ல."

பரண்மேல் இருந்து ஒரு ரெக்சின் பையை எடுத்தேன். தூசி தட்டினேன். அடியில் முதலில் சட்டையை வைத்தேன். அதன் மேல் ஒரு வேட்டி. துண்டு. நாளைக்குப் போட ஒரு சட்டை. பிரஷ். அவ்வளவுதான். நிமிடத்தில் முடிந்துவிட்டது.

சுபா கூடத்துக்கு ஓடினாள். ஸ்டிக்கர் தாளோடு வந்தாள். பேனாவால் எதையோ எழுதி என் பையில் அழுத்தி ஒட்டினாள். செருப்புப் பையில் ஒட்டிய எட்டைக் கிழித்துக்கொண்டு வந்திருப்பாளோ என்று பார்த்தேன். இல்லை. வரிசையில் கடைசி நம்பருக்கு அடுத்த நம்பர்.

"பைக்ல வரேன்னு சொன்னவரு யாரு?" என்றாள்.

*

ஏற்றியபோது ஒரு மணி தாண்டிவிட்டது. வேலு மேலே நின்றான், நான் கீழே நின்றேன். நம்பரைப் படித்துப் படித்துக் கொடுத்தேன். அவன் படித்துப் படித்து அடுக்கினான்.

"ண்ணா, ஏழையும் பன்னெண்டையும் காணோமே?"

"அது வராது."

அவன் என் பையை வாங்கிப் பார்த்தான்.

"காலைல உங்கம்மா போன்ல சொன்னாங்க. அண்ணன் வேன்ல வரலன்னா நீ ஆளத் தூக்கி உள்ள போட்டு கதவச் சாத்திடுன்னு. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

அம்மா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தேங்காயைச் சுற்றி உடைத்தோம். அம்மா முன்னால், சுபா நடுவில், பின் சீட்டில் நான். ஒன்றாம் நம்பர் பை சுபாவின் மடியில். யார் கேட்டும் அவள் கொடுக்கவில்லை. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் ஒதுக்கிய இரண்டு சீட் அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது.

"மணைக்கு யாரும்மா?" என்றேன்.

"மொதல்ல ஊர் எல்லையைத் தாண்டு."

"சேலத்துல கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும். அஞ்சி மணி நேரம் இருக்குது. எதுனா தோணும்."

வேன் நகர்ந்தது. கடைத் தெருவுக்குத் திரும்புகிற முனையில் ஒருவர் கையைக் காட்டினார்.

சித்தப்பா. விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. காலடியில் ஏழாம் நம்பர் பை.

பக்கத்தில் சித்தி இல்லை.

வேலு பிரேக்கை மிதித்தான். மிதித்தபடியே கடிகாரத்தைப் பார்த்தான். "ராகு காலத்துக்கு அஞ்சி நிமிஷம்தான் இருக்குது" என்றான். "நிறுத்தவா, போவவா?"

அம்மாவைத்தான் கேட்டான். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். சுபாவும் பார்த்தாள்.

"நிறுத்து" என்றேன்.

சித்தப்பா ஏறி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பையை வைக்க இடம் பார்த்தார். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் வைக்கவில்லை. தன் காலுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டார்.

"சித்தி?" என்றாள் சுபா.

"கதவைத் தாப்பா போட்டுக்கினா. தட்டித் தட்டிப் பாத்தேன்." முகத்தைத் துண்டால் துடைத்தார். "அவ பையைத் திறந்து துணியெல்லாம் அலமாரில அடுக்கிகினு இருந்தா. சத்தம் கேட்டுது."

வேன் போளூர் ரோட்டில் ஏறியது.

"ஆனா ஹேமு" என்று என் பக்கம் திரும்பினார். "அடியில இருந்துச்சே, திரும்பி வரப்போ கட்டறதுக்குன்னு நீ வெச்ச பொடவை. அதை மட்டும் அவ வெளிய எடுக்கல. பையிலயே விட்டு வெச்சிகிறா. ஜன்னல் வழியாப் பாத்தேன்."